போர்வீரனின் மனைவியும் உபாகமப் பிரமாணமும்

யுத்தத்திற்குப் புறப்படவேண்டிய இளங்கணவனைக் குறித்து உபாகமம் இருமுறை பேசுகிறது. 20:7 பெண்ணை நியமித்துக்கொண்டவனை வீட்டிற்கு அனுப்புகிறது. அவன் மடிந்தால் வேறொருவன் அவளை விவாகம்பண்ணுவான் என்பதே காரணம். அதாவது, கருதப்படுவது அவனுடைய இழப்பு. 24:5 புதிதாய் மணந்தவனை ஓராண்டு விடுவிக்கிறது, நோக்கமோ வேறு. இலத்தீன் வல்கேட் 'மனைவியோடு மகிழ்வானாக' என்று பெயர்த்தது. எபிரெய வினைச்சொல்லின் பொருளோ 'மனைவியை மகிழச்செய்வானாக' என்பதாம். நம் தமிழ் வேதாகமமும் அவ்வாறே கொண்டுள்ளது. பிரமாணம் இங்கே அவளை நோக்குகிறது.

நம் நாட்டு இராணுவத்தில், எல்லைக் களங்களுக்குக் குடும்பத்தை உடன் அழைத்துச்செல்ல இயலாது. ஆண்டு விடுப்பு 60 நாட்கள். விடுப்பில் வந்த தகப்பனைக் கண்டு குழந்தை தாயின் பின்னே ஒளிவதை, வீடு சந்திக்கும் போதகர் அறிவார். வரவுசெலவு, வைத்தியம், பள்ளிக்கூடம் யாவற்றையும் தனித்தே தீர்மானித்துப் பழகியவள், அவன் வந்ததும் அப்பொறுப்பை ஒப்படைத்து, அவன் சென்றதும் மீண்டும் சுமக்கிறாள். பிரிவினும் இதுவே கடினம் என்று நமக்குத் தோன்றுகிறது.

உரியாவின் உறுதியைக் குறித்துப் பிரசங்கிக்கிறோம். அவன் மனைவி புலம்பியதைச் சொல்லும் 2 சாமுவேல் 11:26ஐ (ஒரே வசனந்தான்) விரைந்து கடந்துவிடுகிறோம். ஞாயிறு மன்றாட்டிலும் எல்லைக் காவலருக்காக வேண்டுகிறோம். அதே ஆராதனையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் அவர்கள் மனைவியரின் பெயர் அதில் வருவதில்லை.