கேஷ்பேக் போனது, ஆட்கள் போகவில்லை

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானதும், சில்லறைக்கு வழியில்லாமல் பலர் மொபைல் வாலட்டுக்குள் வந்தார்கள். அதன்பின் கேஷ்பேக்கும் ஸ்கிராட்ச் கார்டும் கூட்டம் சேர்த்தன. இன்று அந்தச் சலுகைகள் வெகுவாக வற்றிவிட்டன. ஆனாலும் மக்கள் ரொக்கத்துக்குத் திரும்பிவிடவில்லை. அவர்களைப் பிடித்து வைத்திருப்பது எது?

காலை நேர டீக்கடையில் கொஞ்சம் நின்று பாருங்கள். மாஸ்டருக்குப் போனை எடுத்துப் பார்க்க நேரமில்லை. கல்லாவை ஒட்டியிருக்கும் சவுண்ட் பாக்ஸ் வந்த தொகையைத் தமிழில் சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார். அது வாய் திறக்காவிட்டால்தான் வம்பு.

“பணம் போயிருச்சுண்ணே, பாருங்க.”

“எனக்கு இன்னும் வரலையே தம்பி.”

பதினைந்து ரூபாய் விவகாரம்தான். ஆனால் நாலு பேர் முன்னால் ஏமாற்றுக்காரன் போல நிற்க யாருக்கு மனம் வரும்? இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை வாடிக்கையாளர் வேறு ஆப்பைத் திறந்துவிடுவார். கடையில் ஒட்டியிருக்கும் யுபிஐ க்யூஆர் அட்டை யாருடையதானாலும் எந்த ஆப்பிலிருந்தும் பணம் அனுப்பலாம் என்பதால், மாறுவதற்குச் செலவே இல்லை.

பணம் சிக்கிக்கொள்ளும்போதுதான் ஒரு நிறுவனத்தின் லட்சணம் தெரியும். ரிசர்வ் வங்கி 2019-லேயே இதற்குக் கெடு வைத்துவிட்டது. யுபிஐயில் ஒருவர் கணக்கில் கழிந்த பணம் மற்றவருக்குப் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்கு அனுப்பியதென்றால் ஐந்து நாள். கெடு தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும், வாடிக்கையாளர் கேட்காமலேயே, 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இந்த விதியைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? நிறுவனங்கள் இதை ஆப்பின் முகப்பிலேயே தமிழில் போட்டால் பத்து விளம்பரத்துக்குச் சமம். குறைகேட்க வரும் வாடிக்கையாளரிடம் இயந்திரப் பதிலையே திரும்பத் திரும்ப நீட்டுவது, அவரை வெளியே போகச் சொல்வதுதான்.

நம்பிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. விதிகளைத் தொடர்ந்து மீறியதாகச் சொல்லி ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்ததில், 2024 மார்ச் 15-க்குப் பிறகு பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் வாலட்டில் புதிதாகப் பணம் போட முடியாமல் போனது. இருந்த பணத்தைச் செலவழிக்கத் தடையில்லை. ஆனால் பழக்கப்பட்ட பெயர் என்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

பணம் சிக்கினால் பரிவர்த்தனை எண்ணோடு அன்றே புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.