முற்றத்துச் சேவல் ஆள்மேல் பாய்ந்தால்

சேவலின் சீற்றம் அதன் வேலையைச் சேர்ந்தது. பருந்தும் கீரியும் மரநாயும் நடமாடும் இடத்தில் பெட்டைகளைக் காப்பது, இரை கண்டால் குரல் கொடுத்து அழைப்பது, வேற்றுச் சேவலை எல்லைக்குள் விடாதது ஆகிய மூன்றுக்காகவும்தான் அது வளர்க்கப்படுகிறது. வீட்டு மனிதரையும் அது வேற்றுச் சேவலாக நினைத்துவிட்டால் சிக்கல் பிறக்கிறது. பாலக்காட்டின் கிழக்கோரத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், முதலமடைப் பக்கத்துத் தோப்பு வீடுகளில் இதைச் சமாளிக்க இடம் இருக்கிறது. இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களில் உள்ள எஸ்டேட் லயங்களில் அந்த வசதி இல்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவான ஒரு முற்றம். அங்கே ஒருவர் வளர்க்கும் முரட்டுச் சேவலுக்கு வரிசை முழுவதும் பயந்து நடக்க வேண்டியிருக்கும்.

சேவல் குஞ்சு நான்கைந்து மாதத்தில் பருவத்துக்கு வருகிறது. கொண்டை சிவந்து, கூவத் தொடங்கும்போதே ஆண்மைச் சுரப்பு ஏறி, அதுவரை மடியில் ஏறி விளையாடியதுகூட முறைக்க ஆரம்பிக்கும். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற படிநிலை உண்டு. இதை முதலில் முறையாகப் பதிவு செய்து 1921-இல் வெளியிட்டவர் நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எபே. விடியற்காலையில் கூவுவதற்கும் அந்தப் படிநிலையே முறை வகுக்கிறது. தலைமைச் சேவல் முதலில் கூவ, மற்றவை வரிசைப்படி தொடர்கின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். பருவமெய்திய சேவல் இந்த வரிசையில் தன் இடத்தைத் தேடுகிறது. குஞ்சிலிருந்து கையிலேயே தீனி தின்று வளர்ந்த சேவல் மனிதரையும் அதே வரிசையில் வைத்துப் பார்ப்பதால், செல்லமாக வளர்ந்ததே பலநேரம் அதிகம் பாய்கிறது.

சண்டைச் சேவல்தான் ஆளைக் கொத்தும் என்பது பரவலான தப்புக் கணக்கு. அசில் வகையும், கொங்குப் பக்கத்துப் பெருவிடையும், கிளிமூக்கு விசிறிவாலும் இன்னொரு சேவலைக் கண்டால் விடமாட்டா. ஆனால் தினமும் கையில் பிடித்துத் தடவிப் பழக்கப்பட்டவை பெரும்பாலும் ஆளிடம் அடங்கியே இருக்கும். பஞ்சாயத்துத் திட்டத்தில் வாங்கிய சாதாரணக் குஞ்சுகளுக்கு நடுவே தப்பி வளர்ந்த ஒற்றைச் சேவல் குழந்தையைத் துரத்துவதுண்டு. இனத்தைவிட, தனிப்பட்ட பறவையின் குணமும் அதன் தகப்பன் குணமும்தான் பெரிதாகப் பேசுகின்றன. முரட்டுச் சேவலோடு சேர்ந்த பெட்டையின் முட்டையை அடைக்கு வைக்காமலிருப்பது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் எளிய உதவி.

பாய்வதற்கு முன் சேவல் அறிவிப்புக் கொடுக்கும். ஒரு சிறகைத் தரையில் படும்படி தாழ்த்திப் பக்கவாட்டில் நகரும். கழுத்து மயிரைச் சிலிர்க்கும். ஒன்றும் இல்லாத இடத்தில் மண்ணைக் கொத்துவதுபோல் பாவனை செய்யும். ஆள் திரும்பியதும் பின்னால் வந்து கெண்டைக்காலைத் தட்டிப் பார்க்கும். இந்தக் கட்டத்தில் திருத்துவது எளிது. மேலே எகிறிக் கால் முள்ளால் அடிக்கப் பழகிவிட்டால் கடினம்.

ஓடுவதும் உதைப்பதும் இரண்டுமே தவறு. ஓடினால் அது வென்றதாக எடுத்துக்கொள்ளும், உதைத்தால் சண்டைக்கு அழைப்பதாக. நின்ற இடத்தில் நின்று, கூடையையோ அகலமான தட்டியையோ இடையில் பிடித்து, அவசரமின்றி அதை நோக்கி ஓரிரண்டு அடி நடந்தால் பெரும்பாலானவை விலகும். தினமும் இருமுறை தீனியைக் கையால் ஊட்டாமல் தரையில் விசிறி, சேவல் விலகி நின்ற பிறகே பெட்டைகளைத் தின்ன விட வேண்டும். அடங்காததைச் சில நாள் தனிக் கூண்டில், பெட்டைகள் கண்ணில் படாதபடி அடைப்பது உதவும். இரவில் சேவலுக்குக் கண் சரியாகத் தெரியாது. பிடிப்பதற்கு அதுவே நேரம். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், குஞ்சு பொரிக்க வேண்டாத வீட்டில் ஒன்றுகூடத் தேவையில்லை; பெட்டை சேவல் இல்லாமலே முட்டையிடும். கால் முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்கலாம். அடியில் வெட்டினால் இரத்தம் கொட்டும், ஏனெனில் முள்ளுக்குள் எலும்பும் குருதிக்குழாயும் ஓடுகின்றன.

காயத்தை அற்பமாக எண்ணக் கூடாது. முள் குத்திய ஓட்டை மேலே சிறியதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும், அழுக்கு உள்ளேயே தங்கும். ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்க வேண்டும். வெறிநாய்க்கடி பயம் கேரளத்தில் இப்போது அதிகம். வெறிநோய் பாலூட்டிகளின் நோய். கோழி கொத்துவதால் அது வராது. நிஜமான ஆபத்து இரண்டு. ஒன்று கண்: குழந்தையின் முகம் சேவலின் உயரத்துக்கு அருகில் இருக்கிறது. கண்ணில் குத்துப்பட்டால் கசக்காமல், கழுவாமல், அழுத்தாமல், மேலே ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மூடிக் கண் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பாலக்காட்டு எல்லைக்குக் கோயம்புத்தூரும் இடுக்கி எல்லைக்குத் தேனியும் அருகில் இருக்கின்றன. இன்னொன்று வயதானவர்களின் புடைத்த நரம்பு. ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயதுப் பெண் ஒருவரின் காலில் புடைத்த நரம்பைச் சேவல் கொத்தியதில் இரத்தம் வடிந்தே இறந்தார் என்று 2019-இல் ஒரு தடயவியல் மருத்துவ இதழ் பதிவு செய்தது.

வளர்ப்பவரின் பொறுப்பைச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. தன் வசமுள்ள எந்த விலங்காலும் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையில் தெரிந்தோ அலட்சியமாகவோ போதிய காவல் செய்யாதவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கண்பார்வையை நிரந்தரமாக இழப்பது கொடுங்காயத்தில் சேரும். இது ஏட்டுச் சட்டம் மட்டுமல்ல: 2025-இல் எர்ணாகுளம் மாவட்டம் மஞ்ஞும்மலில் இரண்டு வயதுக் குழந்தையைச் சேவல் கொத்தியதற்கு, ஏலூர் போலீசார் வளர்த்தவர்மீது வழக்குப் பதிந்தார்கள்.

இழப்பீடு கேட்டு சிவில் நீதிமன்றம் போகும்போது ஒரு கேள்வி மையமாக நிற்கும்: வளர்ப்பு விலங்கு முரட்டுத்தனமானது என்று உரிமையாளருக்கு முன்பே தெரியுமா? முதல் முறை தட்டியபோதே தேதி போட்டு ஒரு கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொண்டவருக்கு இந்தக் கேள்வி சுலபம். வாய்ப்பேச்சோடு விட்டவருக்குச் சாட்சி தேட வேண்டியிருக்கும். காயத்தின் புகைப்படம், மருத்துவச் சீட்டு, சேவல் துரத்தும் செல்போன் காட்சி ஆகியவற்றையும் சேர்த்து வைப்பது நல்லது.

கடிதத்துக்கு மதிப்பு இல்லையென்றால் பஞ்சாயத்துச் செயலரிடம் மனு. அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ. அல்லது சப் கலெக்டர். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, ஆபத்தான விலங்கை அடைக்கவோ அகற்றவோ உத்தரவிடும் அதிகாரத்தை இவர்களுக்குத் தருகிறது. கூவல் தொல்லைக்குக்கூட இந்த வழி திறக்கும். பத்தனம்திட்டா மாவட்டம் அடூரில் 2025 பிப்ரவரியில், அதிகாலை மூன்று மணிக் கூவலால் தூக்கம் கெடுகிறது என்ற புகாரின் பேரில், பக்கத்து வீட்டு மேல்தளத்திலிருந்த கோழிக்கூட்டை இடம்மாற்றும்படி ஆர்.டி.ஓ. உத்தரவிட்டார்.

கோபத்தில் செய்யக் கூடாதவையும் உண்டு. அடுத்தவர் சேவலுக்கு விஷம் வைத்தாலோ அடித்துக் கொன்றாலோ, பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. புகார் கொடுக்க வேண்டியவரே குற்றவாளியாகும் இடம் இது. தன் சேவலைத் தானே உணவுக்காக அறுப்பது குற்றமல்ல, தேவையற்ற வதை இல்லாதவரை. தொல்லை தரும் சேவலைக் கோயிலில் பலி கொடுப்பதைக் கேரளம் 1968-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. தமிழ்நாட்டின் 1950-ஆம் ஆண்டுத் தடைச் சட்டமோ 2004-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஒரே ஊர்ச் சாலையின் இரு பக்கங்களில் இரண்டு விதி.

காலில் கத்தி கட்டிச் சண்டைக்கு விடுவது தனி ஆபத்து. 2021 பிப்ரவரியில் தெலங்கானாவின் ஜகித்யால் மாவட்டத்தில் கத்தி கட்டிய சேவல் திமிறியதில் அதை வைத்திருந்தவரே வெட்டுப்பட்டு இறந்தார். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதையே குற்றமாக்குகிறது. முதல் குற்றத்துக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்று இன்றும் நிற்பது வெட்கக்கேடு. பந்தயப் பணம் சேர்ந்தால் கேரள சூதாட்டச் சட்டமும் வரும். சண்டையில் தோற்று விலைபோகும் சேவலை வீட்டுக்கு வாங்குபவர் அது ஆளிடம் எப்படி நடக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

எல்லையோரத்தில் ஒரு கூடுதல் குழப்பம்: வளர்ப்பவர் வீடு தமிழ்நாட்டுப் பக்கம், காயம்பட்டவர் கேரளப் பக்கம். எந்தக் காவல் நிலையத்திலும், சம்பவம் அதன் எல்லைக்கு வெளியே நடந்திருந்தாலும், தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே "அந்தப் பக்கம் போய்க் கொடுங்கள்" என்று திருப்பியனுப்ப முடியாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப்பணிகள் குழுவை 15100 என்ற எண் வழியாக அணுகலாம். மலையாளம் எழுதத் தெரியாததால் மனுவைத் தள்ளிப்போடத் தேவையில்லை. தமிழர் சிறுபான்மையாக வாழும் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்திருக்கிறது.