சறுக்குவதற்கு முன் நிற்கப் பழகு!

ரவாங்கில் வளர்ந்தவர்களுக்கு மலை புதிதல்ல. கஞ்சிங் அருவியின் ஏழு தட்டையும் ஏறி இறங்கியவர்கள்தாம் நாம். ஆனால் பனி? கெந்திங்கிலோ ஷா ஆலம் ஐ-சிட்டியிலோ உள்ள செயற்கைப் பனிக்கூடத்தில் அரை மணி நேரம் நடுங்கிவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். பனிச்சறுக்கு என்றால் வெள்ளைக்காரர்கள் தொலைக்காட்சியில் செய்வது. அதிலும் வயது முப்பதைத் தாண்டிவிட்டால் நமக்கெதற்கு அந்த வம்பு என்று ஒதுக்கிவிடுவோம்.

அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. கடந்த பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் எங்கெல்பெர்க் ஊரில் நான்கு நாள்கள் பனிச்சறுக்கு பழகினேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஓரளவு சறுக்கவும் வந்தது. அங்கே கற்றதையும் கண்டதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

வெயில் நாட்டுக்கும் இந்த விளையாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2018-இல் தென் கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. பனிச்சறுக்கில் ஜெஃப்ரி வெப், பனிச்சறுக்காட்டத்தில் ஜூலியன் யீ. 2022 பெய்ஜிங் போட்டியில் களம் இறங்கிய அருவின் சலேஹுடின், குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் மலேசியப் பெண். அதே போட்டியில் சில பந்தயங்கள் நடந்த திடலின் பெயர் என்ன தெரியுமா? கெந்திங் பனிப்பூங்கா! கெந்திங் நிறுவனர் லிம் கோ தோங்கின் மகன் லிம் சீ வா சீனாவில் உருவாக்கிய உல்லாசத் தலம் அது.

சுவிட்சர்லாந்திலோ நம் தொடர்பு இன்னும் ஆழமானது. 1983 கலவரத்துக்குப் பிறகு அங்கே தஞ்சம் புகுந்த ஈழத்தமிழர்களும் அவர்களின் பிள்ளைகளுமாக இன்று சுமார் 50,000 தமிழர்கள் வாழ்கிறார்கள். என் கணவரின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறியவர். ஊரிலேயே தங்கிவிட்ட கிளையில் ஒருவர், எனக்கு மாமி முறை, எண்பதுகளின் இறுதியில் லுசெர்ன் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டுக்குத்தான் விருந்தாளியாகப் போனோம். அங்கிருந்து எங்கெல்பெர்க்குக் குன்றேறும் ரயிலில் 43 நிமிடம்.

மாமியின் பேரனுக்கு ஒன்பது வயது. அங்கே பல பள்ளிகள் குளிர்காலத்தில் மாணவர்களை ஒரு வாரம் பனிச்சறுக்கு முகாமுக்கு அழைத்துப் போகின்றன. பையனுக்கு அது நாம் பூப்பந்து ஆடுவது போல. மாமியோ ஒரு முறைகூடப் பலகையில் கால் வைத்ததில்லை. உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "பிள்ளை, எனக்குப் பனி எண்டால் விடியக் காலமை நாலரைக்கு வழுக்கி வழுக்கி பஸ்சுக்கு ஓடினதுதான் ஞாபகம். அதிலை போய் விளையாட ஆர் நினைச்சது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பூட்ஸில் தொடங்கும் பாடம்

எங்கெல்பெர்க்கில் 1120-இல் நிறுவப்பட்ட துறவிமடம் ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் எழும் டிட்லிஸ் சிகரத்தில் 3,000 மீட்டர் உயரம் வரை கேபிள் காரில் போகலாம். நம் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அங்கே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சறுக்கப் பழக அவ்வளவு உயரம் வேண்டாம். மணல்மேடு மாதிரி ஒரு சின்னச் சரிவு போதும்.

முதல் வேலை வாடகைக் கடையில். கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸை மாட்டியதும் கணுக்கால் அசையாது. நடை ரோபோ நடையாகிவிடும். கடைக்காரர் வயது, உயரம், எடை, அனுபவம் எல்லாம் கேட்பார். விழும்போது பலகை காலை விட்டுக் கழன்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் திருகிக்கொள்ளும். எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை இந்த விவரங்களை வைத்துத்தான் கணக்கிட்டு முடுக்குகிறார்கள். ஆகவே தோழியரே, இங்கே மட்டும் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்!

அடுத்து, நிற்கும் முறை. பூப்பந்தில் எதிராளியின் சர்வீஸுக்குக் காத்திருப்போமே, அதேதான்: முழங்கால் மடங்கி, கைகள் முன்னால், முன்கால் எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்த வேண்டும். கேட்கச் சுலபம். சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். பயந்தால் விலகத்தானே தோன்றும்? ஆனால் பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பனியை விட்டு எழும்பி, சொன்னபடி கேட்காமல் வேகம் எடுக்கும். பள்ளத்தாக்கை நோக்கி மார்பைக் கொண்டுபோனால்தான் பலகை நம் வசமாகும். நான்கு நாளில் நான் கற்றதிலேயே கடினமானது இதுதான். பயப்படுகிற பக்கம் சாய வேண்டும்!

பீட்சா, பொம்மஸ்

பயிற்றுநர் முதலில் சறுக்கச் சொல்லித் தரவில்லை. நிற்கச் சொல்லித் தந்தார். இரு பலகைகளின் நுனிகளையும் நெருக்கி, பின்பகுதியை அகட்டினால் பீட்சாத் துண்டு வடிவம் வரும். உள்விளிம்புகள் பனியைக் கவ்வ, வேகம் குறையும். பலகைகளை இணையாக வைத்தால் வேகம் கூடும். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பொம்மஸ், அதாவது உருளைக்கிழங்கு வறுவல். இடப்பக்கம் திரும்ப வலக்காலிலும், வலப்பக்கம் திரும்ப இடக்காலிலும் எடையைப் போட வேண்டும். ஆஸ்திரியரான ஹானஸ் ஷ்னைடர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போகும் இந்தப் பயிற்சி முறையைப் பரப்பினார். இன்றைய பாடத்திட்டங்களுக்கு அதுவே அடிப்படை.

வானொலியில் மூச்சு விடாமல் பேசிப் பிழைக்கிறவள் நான். சரிவில் வாய் அடங்கிவிட்டது. பின்னாலிருந்து பேரனின் குரல் மட்டும்: "அன்ரி, பீட்சா! அன்ரி, பெரிய பீட்சா!"

விழுவதற்கும் முறை உண்டு. பின்னால் விழாமல் பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாகச் சாய வேண்டும். எழும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக, உடம்புக்குக் கீழ்ப்புறம் வைத்துக்கொண்டு எழ வேண்டும். நேராக வைத்து எழுந்தால் மறுபடி பயணம்தான்!

மேலே ஏற நகரும் கம்பளம் இருக்கிறது; பேரங்காடிகளில் பார்ப்பது போன்றதே. பெரிய சரிவுகளுக்கு நாற்காலி லிஃப்ட். இதன் கதை சுவையானது. கப்பலில் வாழைத்தார்களை ஏற்றும் கம்பி இயந்திரத்தைப் பார்த்துத்தான், கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டி 1936-இல் அமெரிக்காவின் சன் வேலியில் முதன்முதலில் அமைத்தார்கள்.

முதல் நாள் நின்றேன். இரண்டாம் நாள் திரும்பினேன். நான்காம் நாள் நீலத் தடத்தில் மெல்ல இறங்கினேன். அங்கே நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். அனைத்துலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராமல் வழியைத் தேர்ந்துகொள்வது பின்னால் வருகிறவரின் பொறுப்பு. ஹாரன் அடித்தால் ஒதுங்கிப் பழகிய நமக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

போக நினைப்பவர்களுக்கு

* நண்பர்களை நம்பாமல் பயிற்சிப் பள்ளியில் சேருங்கள். ஜப்பான், கொரியா தலங்களிலும் புதியவர்களுக்கு வகுப்புகள் உண்டு.
* ஜீன்ஸ் வேண்டாம். பருத்தித் துணி நனைந்தால் குளிர் உடம்பில் ஏறும். நீர் புகாத உடையை வாடகைக்கு எடுக்கலாம்.
* தலைக்கவசமும் கண்ணாடியும் அவசியம். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். வெயில் தடுப்புக் களிம்பை மறக்காதீர்கள்.
* பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கும் மலை மீட்பும் அடங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.
* புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே படியேற்றம், உட்கார்ந்தெழும் பயிற்சி தொடங்குங்கள். தொடைகள் நன்றி சொல்லும்.

கடைசி நாள் பிற்பகல் மாமியும் வந்தார். வேடிக்கை பார்க்கத்தான். பேரன் விடவில்லை. என் பூட்ஸ் அவர் காலுக்குப் பொருந்தியது. சரிவில் இல்லை, கீழே சமதரையில். பையன் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க, மாமி இரண்டு மீட்டர் நகர்ந்திருப்பார்.

"அம்மம்மா, கீழே பார்க்காதேங்கோ. என்னைப் பாருங்கோ."

நின்றதும் மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு காலமும் இது வழுக்குது எண்டுதானே பயந்தனான்" என்றார். "வழுக்கத்தான் வேணுமாம்!"

இன்னொரு தடவை பிடிக்கச் சொல்லிப் பேரனிடம் கையை நீட்டினார்.