பென்னலூரும் பெருநகரின் எல்லைக் கோடும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை அடைவதற்குச் சற்று முன்னால் இருக்கும் சிற்றூர் பென்னலூர். ஒருபுறம் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டை. தெற்கே சில கல் தொலைவில் ஒரகடம். இங்கே ஊர்த் தெரு ஊராட்சிக்குரியது. தொழிற்பேட்டை நிலம் சிப்காட்டுக்குரியது. நெடுஞ்சாலை மத்திய அரசுக்குரியது. பெரிய ஏரிகள் நீர்வளத்துறைக்குரியவை. இவற்றையெல்லாம் ஒருங்கே கண்டு திட்டமிடுபவர் யார் என்பதே நம் வினா.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1970களில் உருவானபோது அதன் எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். திருமழிசை அதனுள் அடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் வெளியே நின்றது. ஆனால் 1990களின் இறுதியில் ஹூண்டாய் ஆலை இருங்காட்டுக்கோட்டையில் இயங்கத் தொடங்கியதும் வளர்ச்சியின் வேகம் அந்தக் கோட்டைத் தாண்டிச் சென்றுவிட்டது. 2008இல் வெளியான இரண்டாம் முழுமைத் திட்டமும் பழைய பரப்புக்கே எழுதப்பட்டது. நகரின் பிழைப்பு ஓரிடத்தில், நகரின் திட்டம் வேறோரிடத்தில்! 2018இல் 8,878 சதுர கிலோமீட்டராக விரிக்கும் அறிவிப்பு வந்தது. இறுதியில் 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டர் என முடிவாயிற்று.

இதற்கிடையே 2019இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. ஒரகடத்து ஆலைக்கு இரயிலில் வருபவர் இறங்கும் சிங்கப்பெருமாள் கோயில் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஆலையோ காஞ்சிபுரத்தில். மக்களின் அன்றாட வாழ்வு மாவட்ட வரைபடத்தைப் பார்த்து நடப்பதில்லை.

இதன் விலையை 2021 டிசம்பரில் கண்டோம். சுங்குவார்சத்திரத்துக் கைப்பேசி ஆலையின் பெண் தொழிலாளர்கள், பூவிருந்தவல்லிப் பகுதி விடுதியில் உண்ட உணவு நஞ்சாகி நோயுற்றனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை ஒரு மாவட்டத்தில், விடுதி திருவள்ளூர் மாவட்டத்தில். ஆலைக்கு நிலம் ஒதுக்கியவர்கள், அங்கே உழைப்போர் எங்கே உறங்குவர் என்பதையும் அன்றே எண்ணியிருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்லது, எனினும் ஆலைகள் வந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

நீரின் நிலை இன்னும் நுட்பமானது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்தைச் சேர்கிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் கலந்து சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியே கடலடைகிறது. மேலே மண் தரை சிமெண்டுத் தரையாக மாறினால், மழைநீர் நிலத்துள் இறங்காமல் விரைந்து ஓடிவரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பெருமழையே முதற்காரணம். ஆயினும் மேலூரின் நிலப் பயன்பாடு கீழூரின் உயிர்ப் பிரச்சினை என்பதை அது எவருக்கும் உணர்த்தியது.

இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் நகரம் அமைக்குமுன் நீர், மேய்ச்சல், விளைநிலம், விறகு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்கிறார். கூஃபா, பஸ்ரா நகரங்களை நிறுவியோர் ஒட்டக மேய்ச்சலை மட்டுமே கருதினர் என்று தம் முன்னோரையே குறை கூறவும் அவர் தயங்கவில்லை. நாமோ நெடுஞ்சாலையையும் துறைமுகத்தையும் மட்டுமே பார்த்தோம்.

எல்லையை விரிப்பது வேறு, திட்டமிடுவது வேறு. 1992இன் 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் பெருநகரத் திட்டக் குழு ஒன்றை வேண்டுகிறது. அதன் உறுப்பினரில் மூன்றில் இரு பங்கினராவது நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தம்முள் தேர்ந்தெடுத்தவராக இருத்தல் வேண்டும். பென்னலூர் போன்ற ஊரின் தலைவர், தம் ஏரிக்கரையில் எது எழலாம் என்று சொல்ல அமரக்கூடிய இருக்கை அதுதான்.