இருட்டிய பின் மலை – 8: ஏழு ரோட்டில் எட்டு மணி

பழநியில் மலைமேல் தங்கத்தேர் சுற்றி வந்து நிலை சேர்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அடிவாரத்தை விட்டுக் கிளம்பும் மலைப்பாதை அறுபது கிலோமீட்டர் சொச்சம் வளைந்து வளைந்து ஏறிக் கொடைக்கானலில் போய் முடிகிறது. கீழே தைப்பூசக் காலத்தில் டீக்கடைகளுக்கு ராத்திரியும் பகலும் ஒன்றுதான். மேலே ஒன்பது மணி தாண்டினால் கடைவீதியில் ஷட்டர் இறங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்துவிடும்.

"கொடைல நைட் லைஃப் எப்படிண்ணே?" என்று பெங்களூரிலிருந்து வந்திறங்கும் பையன்கள் டாக்ஸிக்காரரிடம் விசாரிப்பதுண்டு. "நைட்ல லைஃபே காட்டுமாட்டுக்குத்தான் தம்பி" என்று பதில் வரும். அதில் பாதிதான் உண்மை. ஏழாயிரம் அடி உயரத்து ஊரில் குடியும் பாட்டும் கும்மாளமும் நூறு வருஷத்துக்கு மேலாகவே உண்டு. எல்லாம் கதவுக்குப் பின்னால். எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதில்தான் கொடைக்கானலின் ராத்திரி அடங்கியிருக்கிறது.

எட்டு மணிக்கு ஏழு ரோடு சந்திப்பில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இது புரியும். தள்ளுவண்டியில் கரி அடுப்பு. அதன் மேல் சோளக்கதிர் வெடிக்கிறது. வண்டிக்கார அம்மா எலுமிச்சை மூடியை மிளகாய்ப்பொடியில் தோய்த்துக் கதிர் முழுக்கத் தேய்த்து, தோகையிலேயே சுற்றிக் கொடுக்கிறார். பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி, பிரெட் ஆம்லெட், சுக்குக் காபி. மங்கி கேப் போட்ட குடும்பங்கள், கையுறை இல்லாமல் உள்ளங்கையை ஊதிக்கொள்ளும் கல்லூரிப் பிள்ளைகள், சுமை இறக்கிவிட்டு வந்த ஆட்கள் எல்லோரும் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்கிறார்கள். ஒன்பது மணி வாக்கில் இந்தக் கூட்டம் கலையும். ஒரு பகுதி கடைவீதிப் பக்கம், ஒரு பகுதி ஏரியோர ஓட்டல்களுக்கு, சில கார்கள் கிளப் ரோட்டில், மீதி ஊருக்கு வெளியே காட்டேஜ்களுக்கு. அதற்கப்புறம் இவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கப் போவதில்லை.

இந்தப் பிரிவினைக்கு வயது அதிகம். 1845-ல் அமெரிக்க மதுரா மிஷன்காரர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து மேலே வந்து முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். ஏரி வந்ததும் துரைமார் கூட்டம் பெருகியது. 1887-ல் ஆங்கிலேயர் கிளப் தொடங்கியது. 1890-ல் கொடைக்கானல் மிஷனரி யூனியன். ஒன்றில் பில்லியர்ட்ஸ் மேசையும் விஸ்கியும். இன்னொன்றில் டென்னிஸும் தேநீரும் ஜெபக் கூட்டமும். மது தொடாத அமெரிக்கப் பாதிரிமாருக்கும் மது இல்லாமல் மாலை கழியாத ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் ஒரே ஊரில் இரண்டு ராத்திரிகள். மோட்டார் ஏறும் சாலை வந்தது முதல் உலகப் போர்க் காலத்தில்தான். அதுவரை இரண்டு தரப்பையும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து டோலி கட்டித் தூக்கி வந்தது நம் ஆட்கள். அவர்களுக்கு அங்கேயும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை.

அதற்கு முன்னால் இந்த மலைக்கு ராத்திரி இல்லாமல் இல்லை. குறிஞ்சிக்குக் கூதிரையும் யாமத்தையும் பொழுதாக வகுத்தது தொல்காப்பியம். நடு ராத்திரிதான் மலையின் நேரம் என்று நம் ஆட்கள் அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். மூங்கில் குழாயில் முற்றவிட்ட தேன் கள்ளைக் குன்றத்துக் குறவர்கள் சுற்றத்தோடு குடித்துவிட்டுத் தொண்டகப் பறைக்குக் குரவை ஆடுவதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. ஊரே கூடி, வெட்டவெளியில். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்டது இந்தப் பழநி மலைத்தொடர்தான். அவன் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொருத்தி வீட்டில் ராத்திரி தங்கியபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் முறையிட்டுப் பாடினார்கள். பொன்னும் பொருளும் வேண்டாம், நீ வீட்டுக்குப் போ என்பதே அவர்கள் கேட்ட பரிசில். தலைவன் ராத்திரி எங்கே கழிக்கிறான் என்பதுகூட அன்றைக்கு ஊர்ப் பொது விவகாரம்.

மதுவிலக்குச் சட்டம் கதவுகளுக்குத் தாழ்ப்பாளும் போட்டது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948 அக்டோபர் 2-ல் சென்னை மாகாணம் முழுக்கப் பரவியது. பர்மிட் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் புட்டி கிடைத்தது. 1971-ல் தளர்த்தி, 1974-ல் மூடி, 1981-ல் மறுபடி திறந்து, 1983-ல் டாஸ்மாக் பிறந்து, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் குடிக்க மூன்று சட்டபூர்வமான வாசல்கள். உறுப்பினர் என்றால் கிளப். பணம் இருந்தால் நட்சத்திர ஓட்டல் பார். இரண்டும் இல்லாதவனுக்கு டாஸ்மாக். மூன்றும் கொடைக்கானலில் உண்டு. நான்காவதாக, நாலு பேர் நடந்து போகிற தெருவில் ஜன்னல் திறந்த ஒரு சிறு மதுக்கடை, பாட்டோடும் சாப்பாட்டோடும் நடத்த சட்டத்தில் வழியில்லை.

டாஸ்மாக் பக்கம் போனால் கொடைக் குளிரின் பழக்கம் ஒன்று தெரியும். குவார்ட்டர் பிராந்தியைப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி வெந்நீர் கலக்கிறார்கள். கேரட், உருளை மூட்டை தூக்கியவர்கள், சென்ட்ரிங் வேலைக்கு மேலே வந்தவர்கள், டிரைவர்கள். சுண்டல் ஒரு தட்டு, முட்டை ஒன்று. உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமில்லை. நின்றபடி, சுவரைப் பார்த்தபடி, மருந்து மாதிரி விழுங்கிவிட்டு வெளியேறுகிறார்கள். பத்து மணிக்குக் கவுண்ட்டர் மூடும். உள்ளே ஒரு பெண்கூட இல்லை. அரசாங்கம் நடத்தும் இந்த ஏற்பாட்டில் போதை உண்டு, கூட்டு இல்லை.

கூட்டு எப்படியிருக்கும் என்பதற்கு மெக்சிகோ நகரத்தைப் பார்க்கலாம். அந்த ஊர்க் குடிக்கடைகளுக்குக் கான்டினா என்று பெயர். அங்கே ஒரு கிளாஸ் வாங்கினால் தொட்டுக்கொள்ளத் தின்பண்டம் இலவசமாக வரும். அடுத்த கிளாஸுக்கு அடுத்த தட்டு. எழுத்தரும் கொத்தனாரும் ஒரே கவுண்ட்டரில் முழங்கை ஊன்றுவார்கள். கரிபால்டி சதுக்கத்தில் மரியாச்சி பாட்டுக்காரர்கள் நடுத்தெருவில் கிதாரும் டிரம்பெட்டும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஆள் பார்த்துக் காத்திருப்பார்கள். அங்கும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1980-களின் தொடக்கம் வரை அந்த நகரத்தின் கான்டினாக்களில் பெண்களுக்கு அனுமதி கிடையாது. சட்டம் மாறியதும் அந்த ராத்திரியும் மாறியது.

கொடையில் அந்த மாதிரித் திறந்த வாசலுக்குப் பக்கத்தில் வருவது பி.டி. ரோடு. பி.டி. ராஜன் பெயரில் இருக்கும் தெரு. திபெத்தியர் கைப்பக்குவத்தில் மோமோ, சூடான துக்பா, விறகடுப்பில் வெந்த பீட்சா, சீஸும் சாக்லேட்டும். 1901-ல் மிஷனரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி பின்னாளில் சர்வதேசப் பள்ளியானது. அந்தப் பள்ளியும் வந்து தங்கிய வெளிநாட்டுக்காரர்களும் விட்டுப்போன ருசி இது. யாராவது கிதாரைக் கையில் எடுத்தால் பக்கத்து மேசையும் கூடப் பாடும். மது இல்லாத இந்தத் தெருவில்தான் பெண்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதையும் பார்க்க முடிகிறது.

மற்றவர்கள் காட்டேஜ்களில் இருக்கிறார்கள். வாரக்கடைசியில் வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறைப் பக்கம் போனால் சரிவு முழுக்கத் தீ தெரியும். கேம்ப் ஃபயருக்குத் தனிக் காசு. சீகை விறகு ஒரு கட்டு, புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று, கீழிருந்தே வாங்கி வந்த சரக்கு. 2024-ல் மஞ்ஞும்மல் பாய்ஸ் படம் வந்த பிறகு குணா படத்துப் பாட்டு ஒலிக்காத தீயே இல்லை. சரிவு ஒன்றில் காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். விருந்தாளிகள் படுத்த பிறகுதான் அவர் படுக்க முடியும். "அணைக்காம படுத்துட்டா சருகுல பத்திக்கும் சார். மாடு வர்ற நேரத்துல யாராச்சும் டார்ச்சை எடுத்துட்டு செல்ஃபிக்குக் கிளம்பிட்டா அது இன்னொரு ரோதனை." காலையில் கோணிப்பையோடு இறங்கிப் பாட்டில் பொறுக்குவதும் அவர் வேலையே. உடையாதது பைக்குள், உடைந்தது புல்லுக்குள். ஆயிரம் கிலோ வரை எடையுள்ள காட்டுமாடு அதே புல்லில்தான் மேய்கிறது. நீலகிரியில் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022 மே மாதம் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அதைக் கொடுக்கும் முறை வந்ததற்குக் காரணம் உடைந்த பாட்டிலை மிதிக்கும் யானையின் கால்.

கதவுகளில் இடம் கிடைக்காதவர்கள் காட்டுக்குள் போவார்கள். 2020 பிப்ரவரியில் குண்டுபட்டி அருகே தனியார் தோட்டம் ஒன்றில் ராத்திரி விருந்து நடந்ததும், போலீஸ் போய் 250-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்ததும் செய்தியாக வந்தன. போதைக் காளான் வழக்குகள் அவ்வப்போது வருகின்றன. அந்தக் காளானில் இருக்கும் சைலோசைபினை 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. 'நேச்சுரல்தானே' என்று ஏமாறுபவருக்கு வருஷக்கணக்கில் சிறை. தப்பான காளான் என்றால் உயிருக்கே உலை.

இதே காளான் மெக்சிகோ மலைக்கிராமம் ஒன்றை என்ன செய்தது என்பது தெரிந்திருக்க வேண்டிய கதை. ஓஹாக்கா மாநிலத்து உவாவுத்லாவில் மரியா சபினா என்ற மசாதெக் பெண், நோய் தீர்க்கும் ராத்திரிச் சடங்குக்காகக் காளானைப் பயன்படுத்தினார். 1955-ல் அவரிடம் வந்த அமெரிக்க வங்கிக்காரர் கார்டன் வாசன் 1957-ல் லைஃப் பத்திரிகையில் அதை எழுதினார். பிறகு உலகமே அந்தக் கிராமத்துக்குக் கிளம்பியது. பின்னாலேயே போலீஸும் வந்தது. ஊர்க்காரர்களின் கோபம் சபினாவின் மேல் திரும்பியது. அவர் வீடு எரிக்கப்பட்டது. வந்து போனவர்களுக்கு அது ஒரு அனுபவம். பழியைச் சுமந்தது அந்த ஊர்.

கொடையை ஒட்டிய வட்டக்கானல்காரர்களுக்கு இது ஓரளவு தெரியும். ராணுவச் சேவையை முடித்துவிட்டு வரும் இஸ்ரேல் இளைஞர்கள் மாதக்கணக்கில் தங்கியதால் சிற்றுண்டிக் கடைகளில் ஹீப்ரு எழுத்து வந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சபாத் விருந்து. 2016 அக்டோபரில் கேரளத்தில் சிக்கிய ஐ.எஸ். ஆதரவுக் குழுவின் இலக்குகளில் வட்டக்கானலும் இருந்ததாக என்.ஐ.ஏ. சொன்னது. யாரோ வந்து தங்கிய ராத்திரிகளுக்காகக் கெடுபிடியை அனுபவிப்பவர் அங்கே வாடகைக்கு அறை விடும் உள்ளூர்க் குடும்பம்தான்.

2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வேண்டும். அடுத்த வருஷக் கோடையில் உயர் நீதிமன்றம் வாகனங்களுக்கு உச்ச வரம்பும் போட்டது: வார நாளில் 4,000, வாரக்கடைசியில் 6,000. பகலின் நெரிசலுக்கு இப்படிக் கணக்கு வந்துவிட்டது. ராத்திரிக்கு மட்டும் போலீஸ் ரோந்தைத் தவிர வேறு யோசனை யாருக்கும் இல்லை. மே மாதக் கோடை விழாவின்போது பிரையண்ட் பூங்காவில் மேடை போட்டு மாலை நிகழ்ச்சிகள் நடக்கும். அந்தச் சில நாட்கள் மூட்டை தூக்குபவரின் பிள்ளைகளும் காட்டேஜ் விருந்தாளிகளும் ஒரே மேடையின் முன்னால் தரையில் உட்காருகிறார்கள். பூங்கா அதேதான், ஏரியைச் சுற்றிய நடைபாதை அதேதான், பாடத் தெரிந்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள். வருஷம் முழுக்கச் சனிக்கிழமை தோறும், ஒன்பதரை வரை ஒரு மேடை, நாலு விளக்கு, சோள வண்டிக்காரருக்கு ஒரு லைசென்ஸ். நகராட்சி தீர்மானம் போட்டால் நடக்கும் காரியம். புதிதாக ஒரு மதுக்கடை திறப்பதைவிடச் செலவு குறைவு. குண்டுபட்டிக்குப் போலீஸ் வேன் அனுப்புவதைவிடவும் குறைவுதான்.

அடுத்த வாரம் மன்னவனூர்: பூண்டு வயலுக்கு ராத்திரிக் காவல் இருப்பவர்கள்.

(தொடரும்)