பப்பாளியைக் கொன்ற பாக்டீரியா: பத்து பஹாட்டில் தொடங்கிய தேடல்

பாசார் மாலாமில் பப்பாளி வாங்கும்போது 'எக்ஸோட்டிகா' என்ற பெயரைக் கேட்டிருப்பீங்க. மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி, மேம்பாட்டுக் கழகம் 1987-இல் வெளியிட்ட ரகம் அது. 2004 வாக்கில் உலகப் பப்பாளி ஏற்றுமதியில் மெக்சிகோவுக்கு அடுத்து நம்ம நாடுதான்.

அந்த நல்ல காலத்தில்தான் அடி விழுந்தது. 2003-ஆம் ஆண்டு இறுதியில், ஜோகூரின் பத்து பஹாட் வட்டாரத்தில் பப்பாளி மரங்கள் புது மாதிரியாகச் சாக ஆரம்பித்தன. இலைக்காம்பிலும் குருத்திலும் தண்ணீரில் ஊறியது போன்ற கரும்பச்சைத் திட்டுகள் தோன்றும். பிறகு இலைகள் மடங்கித் தொங்கும், குருத்து அழுகும், மேலிருந்து கீழாக மரம் செத்துக்கொண்டே வரும். மலாயில் இதற்கு 'மாத்தி ரோசோட்' என்று பெயர். 2006-க்குள் மற்ற மாநிலங்களுக்கும் பரவி, சுமார் 800 ஹெக்டரில் ஒரு மில்லியன் மரங்கள் அழிந்ததாக மதிப்பிடப்பட்டது. குணப்படுத்த மருந்து இல்லை. வெட்டி அகற்றுவதுதான் ஒரே வழி.

குற்றவாளி யார்? முதலில் சந்தேகம் விழுந்தது, கரீபியன் தீவுகளில் பப்பாளியைத் தாக்கிய எர்வினியா பப்பாயே மீது. பிறகு 2011-இல் மார்டி ஆய்வாளர்கள், இது எர்வினியா மல்லோட்டிவோரா என்று அறிவித்தார்கள். ஜப்பானில் ஒரு காட்டு மரத்தின் இலைப்புள்ளி நோய்க்குக் காரணம் என்று 1976-இல் பெயரிடப்பட்ட பாக்டீரியா அது.

பெயரை மாத்தினா மரம் பிழைச்சிடுமா என்று கேட்பீங்க. பிழைக்காது. ஆனால் பிசிஆர் சோதனை நினைவிருக்கா? கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தாங்களே, அது. குறிப்பிட்ட ஒரு டிஎன்ஏ துண்டைத்தான் அது தேடும். தப்பான கிருமிக்குச் சோதனை தயாரித்தால், உண்மையான கிருமி தப்பிவிடும். நெருங்கிய சொந்தக்கார பாக்டீரியாக்களில் ஒன்றிரண்டு மரபணுக்களை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரிவது கஷ்டம். அதனால்தான் முழு மரபணுத் தொகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது.

இங்கேதான் உருளைக்கிழங்கு வருகிறது. உருளைக்கிழங்கின் தண்டைக் கருக வைத்து, கிழங்கை அழுக வைக்கும் பாக்டீரியாவும் ஒரு காலத்தில் எர்வினியா குடும்பப் பெயரோடுதான் இருந்தது. 2004-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதன் மரபணுத் தொகுப்பை, ஏறக்குறைய 5 மில்லியன் எழுத்துகளை, முழுசாகப் படித்தார்கள். நம் குடலில் வாழும் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற உறவினர்களோடு ஒப்பிட்டபோது, மூன்றில் ஒரு பங்கு மரபணுக்கள் அவற்றில் இல்லாதவை. செடியைத் தாக்கும் ஆயுதங்கள் பல அதற்குள்தான் இருந்தன. இன்று அதன் பெயர் பெக்டோபாக்டீரியம். ஜாம் கெட்டியாவதற்குக் காரணமான பெக்டின்தான் செடியின் செல்களையும் ஒட்டி வைக்கிறது. அந்தப் பசையை இது நொதிகளால் கரைத்துவிடும். சமையலறையில் மறந்துபோன உருளைக்கிழங்குப் பை கூழாகி நாறியிருந்தால், அந்த மாதிரி வேலைதான்.

ஆப்பிள் மரத்தைக் கருக்கும் எர்வினியா அமிலோவோரா அப்படி இல்லை. அதன் முக்கிய ஆயுதம், செடியின் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்தும் ஊசி போன்ற ஓர் அமைப்பு. நம் பப்பாளி பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பு வரைவு 2014-இல் வெளியானது. ஆய்வாளர்கள் அதிலும் இந்த ஊசிக்கான மரபணுக்களைத் தேடிப் பார்க்க முடிந்தது.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. இந்த பாக்டீரியாக்கள் 'பேசிக்கொள்ளும்'. ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தை வெளியிடும். அது போதிய அளவு சேர்ந்தால், கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்து தாக்குதல் தொடங்கும். உருளைக்கிழங்கு பாக்டீரியாவில் இது 1990-களிலேயே தெரிந்த விஷயம். பப்பாளி பாக்டீரியாவிலும் இதே முறை இருக்கு, நோயின் வீரியம் அதைச் சார்ந்திருக்கு என்று மலேசிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிருமியைக் கொல்வதற்குப் பதில், அதன் பேச்சைக் கலைத்துவிட்டால்? அந்தப் பாதையில்தான் ஆய்வு போகிறது.

அதுவரை தோட்டத்தில் செய்யக்கூடியது பழைய வேலைதான்: நோய் கண்ட மரத்தை உடனே அகற்றணும், அடுத்த மரத்தில் கை வைக்கும் முன் பாராங்கைக் கிருமிநாசினியில் நனைக்கணும், மழை ஈரத்தோடு இலை வெட்டக் கூடாது.