கம்ப்யூட்டர் 'பீப்.. பீப்..'னு கத்துதா? ஃபார்மட் பண்ணலாம்னு சொன்னா தலையாட்டிடாதீங்க!

பவர் பட்டனை அழுத்துறீங்க. ஃபேன் சுத்துது, லைட் எரியுது. ஆனால் திரையில் ஒன்றுமே வரவில்லை, 'பீப்.. பீப்..' சத்தம் மட்டும் கேட்கிறது. முதலில், கத்துவது பக்கத்தில் இருக்கும் யூ.பி.எஸ். இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கரன்ட் போனால் அதுவும் இப்படித்தான் கத்தும்!

சத்தம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்துதான் வருகிறது என்றால், 'விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க.

ஏன் கத்துகிறது?

ஆன் செய்ததும் முதலில் வேலை செய்வது மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற சிறிய புரோகிராம். பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் எல்லாம் சரியா இருக்கான்னு அது சோதித்துப் பார்க்கும். இதற்கு 'போஸ்ட்' என்று பெயர். இதில் தேறினால்தான் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் பக்கமே போகும். தேறாவிட்டால், திரையில் எழுதிக் காட்ட வழியில்லாததால் சத்தம் போட்டுச் சொல்கிறது. 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்த காலத்துப் பழக்கம் இது.

அதாவது, பழுது ஹார்டுவேரில். உங்கள் குடும்ப போட்டோக்களும் கடைக் கணக்கும் பெரும்பாலும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்தால் அவைதான் போகும், சத்தம் நிற்காது.

எத்தனை பீப், என்ன அர்த்தம்?

எல்லா கம்பெனிக்கும் ஒரே கணக்கு கிடையாது. அவார்டு பயாஸில் ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப் என்றால் கிராபிக்ஸ் கோளாறு. நீள பீப் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால் ரேம். ஒரே ஒரு குட்டி பீப் வந்து திரையும் வந்துவிட்டால், பல மெஷின்களில் 'எல்லாம் ஓகே' என்று அர்த்தம். உங்கள் மதர்போர்டு மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் சரியான பட்டியல் கிடைக்கும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

அடிக்கடி மாட்டுவது ரேம்தான். தூசி படிந்தாலோ, லேசாக நகர்ந்தாலோ போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். இருபக்க கிளிப்பையும் தள்ளி ரேமை எடுத்து, தங்க நிறக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். பிறகு 'டக்' என்று கிளிப் விழும்வரை நேராக அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கத்தினால் ஆள் சிக்கிவிட்டார்!

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், அதற்கு வரும் பவர் கேபிளையும் பாருங்கள். கீபோர்டில் ஒரு கீ அழுந்தி மாட்டிக்கொண்டாலும் பீப் வரலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

புதிய மதர்போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரே கிடையாது. அவற்றில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய குட்டி விளக்குகளில் எது எரிந்து நிற்கிறதோ, பிரச்னை அங்கே. லேப்டாப்களில் சில மாடல்கள் கேப்ஸ் லாக் அல்லது பவர் விளக்கைச் சிமிட்டும்.

இதற்கும் மசியவில்லையா? சத்தத்தை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 'டிஸ்க்கில் கை வைக்கக் கூடாது' என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கோங்க.